சாவுக்குச் சிரித்த குரல்

“சிரிக்கிறீங்களா? என் பொண்ணு பொழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு, வாசல்ல நின்னு சிரிக்கிறீங்களா?”

“நான் எங்கம்மா சிரிச்சேன்? என் பல்லு அப்படிங்க.”

“பல்லு மேல பழியப் போடாதீங்க! கூப்பிடுங்க உங்க மச்சானை!”

காலை எட்டரை மணி. மூன்றாம் மாடி. லிஃப்ட் அன்றைக்கு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் குடியிருப்பில் பாதிப் பேர் படியில் இறங்கினார்கள். லிஃப்டில் போனால் ஒரு வசவுகூட முழுசாகக் காதில் விழாது. நானும் குப்பைக் கூடையோடு வந்து நின்றேன். கூடை காலியாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

கத்திக்கொண்டிருந்தவர் இரண்டாம் மாடிக்காரர், டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவர். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் ஓட்டும் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கத்திக் கத்தி, இப்போது அவர் சாதாரணமாகப் பேசினாலே தெருவில் போகிற வண்டி பிரேக் போடும். எங்களுக்கெல்லாம் அவர் கிளட்ச் அக்கா.

வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். பாவம், அவர் சொன்னது உண்மை. இரண்டு வருஷம் முன்பு மேல்வரிசைக்கு முழுசாகப் பல் செட் வைத்துக்கொண்டார். அது வாய்க்கு ஒரு சுற்றுப் பெரிசு. உதடு மூடவே மூடாது. அன்றிலிருந்து மனிதர் சந்தோஷமாகவே இருக்கிறார். தண்ணீர் வரவில்லை என்று புகார் சொன்னால் சிரிக்கிறார். துக்கம் விசாரிக்கப் போன ஒரு வீட்டில் இப்படிச் சிரித்து, உட்கார நாற்காலிகூடக் கிடைக்காமல் திரும்பி வந்தார்.

அந்தப் பல் செட்டைச் செய்தது அவருடைய மச்சானேதான் என்பது இதில் பெரிய வேடிக்கை. மச்சானுக்கு வேலை பல் செட் செய்கிற லேபில். டாக்டரிடமிருந்து வாய் அச்சு வரும், மேலே ஒரு நம்பர் ஒட்டியிருக்கும். ஆள் யார், முகம் வட்டமா நீளமா, ஒன்றும் தெரியாது. நானூற்றுப் பதினேழு என்று ஓர் அச்சு வந்தது, செய்து அனுப்பினான். இடையில் பல்லை மெழுகில் பதித்து வாயில் வைத்துப் பார்க்கிற கட்டம் ஒன்று உண்டு. சங்கத் தேர்தல் நெருங்கிவிட்டது, நோட்டீஸுக்குப் போட்டோ எடுக்க வேண்டும் என்று செயலாளர் அதை வேண்டாம் என்றுவிட்டார். நானூற்றுப் பதினேழாம் நம்பர் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எதிரே வந்து உட்கார்ந்து சிரித்தபோதுதான் மச்சானுக்கு அது தன் கைவேலை என்று தெரிந்தது.

மச்சானுக்கு வயது முப்பத்தொன்று. செயலாளர் மனைவியான அக்கா வீட்டில் ஓர் அறையில் இருக்கிறான். எங்கள் தெருவில் அவனுக்கு ‘விமர்சனம்’ என்று பெயர். பகலில் பல், மற்ற நேரமெல்லாம் சூப்பர்ஹீரோ. அறை முழுக்க முகமூடி, கவசம், விரல் நீளப் பொம்மைகள். அக்கா ஒருமுறை தலையணை உறையைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, அதில் இருந்த ஹீரோவின் முகம் வெளுத்துவிட்டது என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தவன். படம் பார்த்துவிட்டு வந்ததும் ஒரு ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்து கருத்துச் சொல்வான். அதைக் கேட்க நாலாயிரத்து முந்நூறு பேர் இருந்தார்கள். “ஒரு தடவை சொன்னா சொன்னதுதான்” என்பது அவனுடைய முடிவுரை. ஒன்பது வருஷத்தில் ஒரு கருத்தைக்கூட மாற்றியதில்லை. மூன்றே நாள் ஓடிய ஒரு படத்தைக் காவியம் என்று சொல்லிவிட்டு, இன்றுவரை அதற்காகத் தனியாளாகச் சண்டை போடுகிறான்.

போன வெள்ளிக்கிழமை வந்த படத்துக்காக அவன் எட்டு வருஷம் காத்திருந்தான். அதுவரை தனித்தனிப் படமாக வந்துகொண்டிருந்த இடிமுஷ்டியும் கலகலக் கவசனும் முதல்முறையாகச் சேர்கிறார்கள். ஒருவன் சிரிக்கவே மாட்டான், மற்றவன் வாயை மூடவே மாட்டான். கூட மின்விழி என்று ஒரு வீராங்கனை. எதிரே, ஒரு தும்மல் போட்டால் ஊர் இடிந்து விழுகிற வில்லன். வேற்று மொழிப் படம், தமிழ் பேசிக்கொண்டு எங்கள் தியேட்டருக்கும் வந்தது.

விமர்சனம் சொன்ன கருத்து இருபத்து மூன்று நிமிஷம். நான் இரண்டு தடவை கேட்டேன், அதனால் தைரியமாகச் சொல்லலாம். வில்லனும் கவசனும் ஒரே லிஃப்டில் மாட்டிக்கொண்டு, பன்னிரண்டு மாடி ஒருவரை ஒருவர் பார்க்காமல் போகிற காட்சிக்குக் கை தட்டினான். இடிமுஷ்டியின் அங்கி போன படத்தைவிட இரண்டு சாயல் கறுத்துவிட்டது என்று வருத்தப்பட்டான். பிறகு கோபம். “ரெண்டு ஹீரோவும் அரை மணி நேரம் ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கறாங்க. எதுக்கு? ஒருத்தன் இன்னொருத்தனை வில்லனோட ஆளுன்னு நெனச்சுட்டான். ‘நீ யாருப்பா, என்ன வேலை பண்றே’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஒரு பாலம் மிஞ்சியிருக்கும், மூணு பஸ் மிஞ்சியிருக்கும்!”

எல்லாம் சரி. பத்தொன்பதாம் நிமிஷத்தில்தான் வினை. இடிமுஷ்டி சாகிறான். மின்விழி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “எழுந்திரு. போதும் விளையாட்டு. எழுந்திருன்னு சொல்றேன்ல” என்கிறாள். அதைத் தமிழில் பேசிய குரல் கிளுகிளுவென்று சிரித்துக்கொண்டே பேசியிருக்கிறது.

“எட்டு வருஷம்!” என்று விமர்சனம் ஹெல்மெட்டைத் தட்டினான். “எட்டு வருஷமா நான் அழக் காத்திருந்த ஒரு சாவு. அதுல இந்தம்மா லாட்டரி விழுந்த மாதிரி சிரிக்குது. யாருங்க இந்தக் குரல்? எங்கேர்ந்து பிடிச்சீங்க? அடுத்த பாகத்துல இந்தக் குரல் வந்தா, நான் காதுல பஞ்சு வெச்சுட்டுப் படம் பார்ப்பேன்.”

அந்த நாற்பது விநாடியை மட்டும் யாரோ வெட்டிப் பரப்பிவிட்டார்கள். லட்சக்கணக்கில் பார்த்தார்கள். டிரைவிங் கற்க வந்த ஒருவர் சிக்னலில் நின்றபோது, “மேடம், இதப் பாருங்க, சிரிச்சு வயிறு வலிக்குது” என்று கிளட்ச் அக்காவிடமே காட்டினார். கிளட்ச் அக்கா சிரிக்கவில்லை. தன் பக்கத்து பிரேக்கை மிதித்துக்கொண்டு, சிக்னல் இரண்டு தடவை பச்சையாகி மறையும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மின்விழிக்குப் பேசியது அவருடைய மகள்.

இது எங்கள் யாருக்கும் தெரியாது. வெயில் காலத்திலும் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு, கையில் வெந்நீர் பிளாஸ்கோடு போய் வருகிற பெண். லிஃப்டில் பார்த்தால் தலையை ஆட்டுவாள், பேச மாட்டாள். பிளாஸ்க் பொண்ணு என்போம். திமிர் என்று சிலரும், தொண்டையில் ஏதோ வியாதி என்று சிலரும் முடிவு கட்டியிருந்தார்கள். வியாதிக் கதையை ஆரம்பித்தது யார் என்பது இப்போது எதற்கு? விமர்சனமும் அவளும் அதே லிஃப்டில் நாலு வருஷமாகப் போய் வருகிறவர்கள். அவனும் ‘நீ யாருப்பா, என்ன வேலை’ என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சரி, படிக்கட்டுக்கு வருவோம். விமர்சனம் பல் தேய்த்த நுரை வாயோடு வெளியே வந்தான். விஷயத்தைக் கேட்டான். முகம் சுண்டிப் போயிற்று.

“எனக்கு எப்படித் தெரியும் ஆன்ட்டி? அதுவும் நான் பொய் சொல்லலையே. சாகும்போது சிரிச்சாங்கதானே?”

“சிரிச்சா என்ன? காரணம் கேட்டியா? நேத்து ஸ்டுடியோ மேனேஜர் சொல்லிட்டாரு தம்பி. ரெண்டாம் பாகத்துக்கு வேற குரல் பார்க்கறாங்களாம். வெள்ளிக்கிழமை தேர்வாம். மூணு வருஷமா கூட்டத்துல கத்தற குரல், போன்ல ‘ஹலோ’ சொல்ற குரல்னு நாய் படாத பாடு பட்டு, இப்பதான் ஒரு பேர் வெச்ச பாத்திரம் கெடச்சுது. அதையும் நீ நாற்பது செகண்டுல வாரி விட்டுட்டே!”

அப்போதுதான் படியில் பிளாஸ்க் பொண்ணு ஏறி வந்தாள். அவள் குரலை நாங்கள் எல்லோரும் முதல்முறையாகக் கேட்டது அப்போதுதான். என்ன குரல்! லிஃப்டில் நாலு வருஷம் வீணாய்ப் போயிற்றே என்று இருந்தது.

“அம்மா, விடு. அவர் சொன்னது தப்பில்ல.” பிறகு அவனைப் பார்த்தாள். “நான் இன்னும் அந்தப் படத்தையே பார்க்கலைங்க.”

“பார்க்காம எப்படிப் பேசினீங்க?”

“கதை வெளியே போயிடும்னு பயம் அவங்களுக்கு. திரை முழுக்கக் கறுப்பா அடிச்சு அனுப்புவாங்க. நடுவுல எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு ஓட்டை. அதுல ரெண்டு உதடு மட்டும் ஆடும். யார்கிட்ட பேசறாங்க, எங்க நிக்கறாங்க, ஒண்ணும் தெரியாது. காமெடிப் படம்னு மட்டும் சொன்னாங்க. உதட்டுல பல்லு தெரிஞ்சுது. எவனோ ஒரு தூங்குமூஞ்சிய அவ எழுப்பறான்னு நெனச்சேன். சிரிச்சுட்டேன்.”

“அழுகைக்கும் சிரிப்புக்குமா வித்தியாசம் தெரியாது?” என்றான் விமர்சனம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம், ஆனால் ரசிகனாயிற்றே.

கிளட்ச் அக்கா என் கையிலிருந்த காலிக் கூடையை எட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அப்புறம் செயலாளர் வீட்டுச் செருப்பு அலமாரி மேல் கிடந்த ஓர் அட்டைப்பெட்டி மூடியை எடுத்து, சாவியால் நடுவில் ஓர் ஓட்டை போட்டார். மகளுடைய போனில் ஏதோ ஒரு வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, அதன் பின்னால் பிடித்தார்.

“இந்தா. நீதான் பெரிய ஆளாச்சே. இவ அழறாளா, சிரிக்கிறாளா? சொல்லு.”

விமர்சனம் குனிந்து பார்த்தான். உதடு. மேல்பல். கொஞ்சம் நாக்கு. “சிரிக்கிறாங்க” என்றான். மூடியை எடுத்தார். புருஷன் ஓடிப்போன ஒரு சீரியல்காரி தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். அடுத்தது காட்டினார். “இது அழுகை, நிச்சயமா.” பற்பசை விளம்பரம். மூன்றாவதையும் தப்பாகச் சொன்னான். படியில் இருந்தவர்கள் எல்லோரும் ஒவ்வொரு தடவையும் கூடவே பதில் சொன்னோம், நாங்களும் தோற்றோம். செயலாளருக்கு மட்டும் மூன்றும் சரியாக வந்தது. அவருக்கு இந்த விஷயத்தில் சொந்த அனுபவம்.

“நீங்களும் அப்படித்தானே வேலை பார்க்கறீங்க?” என்றாள் பிளாஸ்க் பொண்ணு, ரொம்ப மெதுவாக. “வாய் மட்டும்தானே வருது உங்களுக்கும்?”

விமர்சனம் தன் மாமாவைப் பார்த்தான். மாமா பளீரென்று சிரித்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கே ஒரு வீடியோ போடறேன்” என்றான். “ஓட்டை விஷயத்தை உடைச்சு சொல்லிடறேன்.”

“ஐயையோ, வேண்டாம்!” என்று தாயும் மகளும் சேர்ந்து அலறினார்கள். எப்படிப் பதிவு செய்கிறார்கள் என்று வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். சொன்னால் ரெண்டாம் பாகம் மட்டுமில்லை, எந்தப் பாகமும் கிடைக்காது. இத்தனையும் அவள் பதினோரு பேர் முன்னால் படிக்கட்டில் சொன்ன பிறகு. நாங்கள் எல்லோரும் ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்தோம். நான் மூன்று பேரிடம் மட்டும்தான் சொன்னேன்.

ஆக, காரணம் சொல்லாமல் கருத்தை மாற்ற வேண்டும். ‘சொன்னா சொன்னதுதான்’ என்று ஒன்பது வருஷம் சொன்னவன், ‘சொன்னது தப்பு’ என்று சும்மா சொன்னால் நாலாயிரத்து முந்நூறு பேரும் காறித் துப்புவார்கள். வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது. இரண்டு நாள் அவன் அறைக் கதவு திறக்கவில்லை. செவ்வாய் சாயங்காலம் குழம்புக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க நான் போனபோது, அக்காள் தம்பிக்குள் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

“பொய் சொல்ல மாட்டேன்க்கா. வேற எதுல வேணா பொய் சொல்றேன். படத்துல மாட்டேன்.”

“காவியம்னு சொன்னியே ஒரு படத்த, அது என்ன?”

“அது காவியம்தான்!”

கடைசியில் அக்காதான் வழி சொன்னாள். “இன்னொரு தடவை போய்ப் பாரு. அந்தப் பொண்ணும் பார்க்கலையாம், எல்லாருமா போவோம்.”

புதன்கிழமை பகல் காட்சிக்குப் போனார்கள். தாய், மகள், விமர்சனம், அக்கா, செயலாளர். எதேச்சையாக எனக்கும் அதே காட்சிக்குப் பின்வரிசையில் டிக்கெட் கிடைத்தது.

இரண்டு ஹீரோவும் பாலத்தை உடைத்தார்கள், லிஃப்டில் போனார்கள், வில்லன் தும்மினான். பிளாஸ்க் பொண்ணு தன் குரல் வரும்போதெல்லாம் கழுத்துத் துணியை இழுத்து இழுத்து விட்டாள். அந்தக் காட்சி வந்தது. இடிமுஷ்டி சாய்ந்தான். “எழுந்திரு. போதும் விளையாட்டு” என்று குரல் சிரித்தது. போனில் பார்த்துவிட்டு வந்திருந்த நாலைந்து பேர், காத்திருந்தது போல் ஊளையிட்டார்கள். அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

விமர்சனம் திரையைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். செயலாளர் அழுதுகொண்டிருந்தார். சும்மா கண் கலங்கல் இல்லை. தாரை தாரையாக ஓடி, மோவாயில் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே, திரை வெளிச்சத்தில், நானூற்றுப் பதினேழாம் நம்பர் அத்தனை பல்லும் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. மனிதர் வாயை மூடி அழுதிருந்தால் நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

“மாமா,” என்றான் விமர்சனம், “என்ன ஆச்சு மாமா?”

“இல்லடா, அந்தப் பொண்ணு... அவன் செத்துட்டான்னே தெரியாம சிரிச்சுட்டுக் கூப்பிடறாடா. சொன்னா தாங்குவாளா?”

அன்று சாயங்காலமே வீடியோ வந்தது. ஹெல்மெட் மடியில் இல்லை, தரையில் இருந்தது. ஆறே நிமிஷம்.

“நான் சொன்னது தப்பு. அந்தக் குரல் சிரிச்சதாலதான் அந்தச் சாவு சாவா இருக்கு. அவளுக்கு இன்னும் தெரியல. நமக்குத் தெரிஞ்சுடுச்சு. அழுதிருந்தா நானும் அழுதுட்டு மறந்திருப்பேன். எங்க வீட்ல ஒருத்தர் இருக்காரு, அவர் முகத்தைப் பார்த்து இத்தனை நாளா நான் தப்பாவே நெனச்சுட்டிருந்தேன். முதல் தடவை பார்க்கறப்ப நான் படத்தைப் பார்க்கல, எட்டு வருஷமா என் மனசுல ஓடின படத்தைப் பார்த்தேன். திரும்பப் போய்ப் பாருங்க. இது நான் மாத்தற முதல் கருத்து. திட்டறவங்க திட்டிக்கலாம்.”

திட்டினார்கள். எவ்வளவு வாங்கினாய் என்றார்கள். ஆயிரத்து இருநூறு பேர் ஒரே ராத்திரியில் விலகிப் போனார்கள். ஒரு பெண் பதினேழு பத்தியில் எழுதியிருந்தாள், அவன் முதலில் சொன்னதுதான் சரி, இரண்டாவது கோழைத்தனம் என்று, காட்சி காட்சியாக, நிமிஷக் கணக்கோடு. விமர்சனம் விடிய விடிய அதற்குப் பதில் எழுதினான்.

ஆனால் வியாழக்கிழமை காலையில் காற்று திரும்பியது. தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு படம் பற்றிப் பேசுகிற ஒருவன் இருக்கிறான், அந்தக் குரலைத் ‘தகர டப்பா’ என்று சொன்னவன். அவன் வந்து, “சாவில் சிரிப்பு என்கிற ஆழமான உளவியலை முதல் நாளே கண்டுபிடித்தவன் நான்தான்” என்றான். மத்தியானத்துக்குள் எல்லோரும் ஆழம் பார்த்துவிட்டார்கள். ஊளையிட்டவர்கள் மறுபடி டிக்கெட் வாங்கி, அந்தக் காட்சியில் எழுந்து நின்று கை தட்டினார்கள். மூல மொழியில் அந்த நடிகை வெறுமனே அழுதிருக்கிறாளே, அவளுக்கு நடிக்கத் தெரியாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு ஒன்பதாயிரம் பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை குரல் தேர்வு நடக்கவில்லை. அந்த மேனேஜரே கிளட்ச் அக்கா வீட்டுக்கு வந்தார், லிஃப்டில். அன்றைக்கு என் வீட்டுக் கதவு திறந்திருந்தது. “நாங்க வேணும்னேதான் அப்படிப் பண்ணச் சொன்னோம், ஞாபகம் இருக்குல்ல மேடம்?” என்று மகளிடம் கேட்டார். அவள் புத்திசாலி. “ஆமா சார், நீங்க சொன்னதாலதான்” என்றாள். ரெண்டாம் பாகம் அவளுக்கே என்று முடிவாயிற்று. ஒரே ஒரு நிபந்தனை. சோகமான இடம் எது வந்தாலும் சிரிக்க வேண்டும்.

“சோகமான இடம்னு எப்படி சார் தெரியும்? உதடு மட்டும்தானே காட்டுவீங்க?”

“அது ரகசியம்மா” என்றார் மேனேஜர். “எதுக்கும் எல்லாத்துலயும் கொஞ்சம் சிரிச்சு வெச்சுடுங்க.”

அடுத்த வருஷம் அந்தப் படமும் வந்தது. மின்விழி கல்யாணத்தில் சிரித்தாள், பூகம்பத்தில் சிரித்தாள், வழி கேட்கும்போதும் சிரித்தாள். விமர்சனம் அதற்கு என்ன கருத்துச் சொன்னான் என்கிறீர்களா? சொல்லவில்லை. அதற்குள் அவனுக்கு வேறு வேலை வந்துவிட்டது.

அவனுக்கும் பிளாஸ்க் பொண்ணுக்கும் கல்யாணம் என்று எங்கள் குடியிருப்பே முடிவு செய்திருந்தது. தேதி வரைக்கும் பேச்சு வந்தது, என்னிடமிருந்துதான். அப்படி நடக்கவில்லை. அவள் கட்டிக்கொண்டது செத்துப்போன இடிமுஷ்டியை. அதாவது, அவனுக்குத் தமிழ் பேசியவரை. அவர் சாகும் காட்சியை இவளுக்கு மூன்று வாரம் முன்பே தனியாகப் பேசிவிட்டுப் போனவர், உதட்டை மட்டும் பார்த்து, கொட்டாவி என்று நினைத்துக்கொண்டு. வெற்றி விழாவில்தான் இருவரும் முழு முகத்தோடு பார்த்துக்கொண்டார்கள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் காரில் ஏறும்போது குரல் உடைந்து என்னவோ சொன்னாள். கிளட்ச் அக்கா கை விரல்களை வட்டமாக மடக்கிக் கண்ணருகே வைத்து மகளைப் பார்த்தார். “சிரிக்கிறா” என்று எங்களிடம் சொல்லிவிட்டு, தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்போது அவர்கள் கடல் தாண்டி வேறு ஊரில் இருக்கிறார்கள். அங்கேயும் பிளாஸ்க் உண்டாம்.

விமர்சனம் அந்தப் பதினேழு பத்திக்காரியைக் கட்டிக்கொண்டான். அவள் கை கால் வலிக்குப் பயிற்சி கொடுக்கிறவள், ஏழு மணி நேர ரயில் பயணத்தில் இருக்கிற ஊர்க்காரி. இவன் அங்கேயே ஒரு லேபில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். இன்னமும் அந்தப் பத்தொன்பதாம் நிமிஷம் பற்றி வீட்டில் சண்டை நடக்கிறதாம். அக்காவுக்கு போன் செய்து இருவரும் தனித்தனியாகப் புகார் சொல்கிறார்கள்.

போவதற்கு முந்தின வாரம், மாமாவுக்குப் புதுசாக, சரியான அளவில் ஒரு செட் செய்து கொடுத்தான். இந்தத் தடவை முகத்தை நாலு பக்கமும் பார்த்து, மெழுகில் மூன்று முறை வைத்துப் பார்த்துச் செய்தது. செயலாளர் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். வாய் மூடியது. முகம் சாதாரணமாக, கொஞ்சம் கடுகடுவென்று இருந்தது. கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு, பழசையே எடுத்து மாட்டிக்கொண்டார்.

“இதோட ரெண்டு தேர்தல் ஜெயிச்சிருக்கேன்டா” என்றார்.

மச்சானுடைய பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது அவரும் வந்து கை கொடுத்தார். கடைசிப் பெட்டி ஏறி, வண்டி தெருமுனை திரும்புகிறவரைக்கும் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். நான் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவர் உட்கார ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டேன்.